பெயரை மறைத்து எழுதிய பெண்கள்

துபாயின் தேரா பகுதியில், தங்கக் கடைத்தெருவை ஒட்டிய குறுகிய சந்தொன்றில், பைத்துல் பனாத் என்று பழம்பெயரால் வழங்கும் வீடு ஒன்று உண்டு. திருமணம் செய்துகொள்ளாத சகோதரிகள் சிலர் ஒருகாலத்தில் அங்கே வாழ்ந்தமையால் பெண்கள் வீடு என்று ஊரார் அழைத்த அதனை, மனநல மருத்துவரான ரஃபியா குபாஷ் அம்மையார் 2012இல் பெண்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகமாக ஆக்கினார். அதில் ஒரு பகுதி ஊஷா பின்த் கலீஃபா அல் ஸுவைதி என்னும் கவிக்கு உரியது. 1920இல் அல் ஐனில் பிறந்து 2018இல் மறைந்த இவர், பேச்சு வழக்கில் இயற்றப்படும் நபத்திக் கவிதையில் ஆண்களும் வியக்கும்படி பிரசித்தி பெற்றவர். ஆயினும் மக்கள் அவரை வளைகுடாவின் நங்கை என்றே நெடுங்காலம் அறிந்திருந்தார்கள். 1989இல் துபாய் அரச குடும்பத்தவரான ஷேக் முஹம்மது பின் ராஷித், தாம் இயற்றிய பாடல் வழியே அவருக்கு அரபுலகின் நங்கை என்னும் பட்டத்தைச் சூட்டியபின், அதுவே நிலைத்துவிட்டது.

புனைபெயர் என்றால் அச்சத்தின் அடையாளம் என்று எண்ணுவது நம் வழக்கம். அது பாதி உண்மைதான். அரபு நாடுகளில் குடும்பப் பெயரும் குலப்பெயரும் ஒருவருடைய சொந்த உடைமை அல்ல. தந்தை, பாட்டன், சிற்றப்பன், உடன்பிறந்தோர் ஆகிய அத்தனை பேருடைய கௌரவமும் அதில் அடங்கியிருப்பதால், அதைப் பத்திரிகையில் அச்சேற்றும் பெண் எல்லாருடைய சம்மதத்தையும் பெற வேண்டியவளாகிறாள். தன் பெயரை விட்டு நாட்டின் பெயரையோ நதிக்கரையின் பெயரையோ எடுத்துக்கொள்பவளுக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை.

இச்சம்பிரதாயம் கட்டுரை இலக்கியத்தில் வேரூன்றியது எகிப்தில். மலக் ஹிஃப்னி நாஸிஃப், ‘பாலைநிலத்தின் ஆராய்ச்சியாளர்’ என்ற பொருள்படும் பெயரில், பெண்கல்வியையும் பலதார மணத்தையும் பற்றி அல் ஜரீதா பத்திரிகையில் எழுதிய வியாசங்கள் 1910இல் நூலாயின. அவருக்குப் பின்வந்த ஆயிஷா அப்துர் ரஹ்மான், ஆசாரசீலரான தம் தந்தையின் கண்ணுக்குத் தப்பும்பொருட்டு ‘நதிக்கரையின் மகள்’ என்ற பெயரைப் புனைந்து, பின்னாளில் அல் அஹ்ராம் நாளிதழில் பல்லாண்டு எழுதிப் பெரும் புகழ் பெற்றார். தந்தையிடமிருந்து ஒளிந்துகொள்ள எடுத்த பெயர் தேசம் முழுவதும் ஒலித்ததை என்னென்பது!

வளைகுடாவுக்கு இம்மரபு சற்றுத் தாமதித்தே வந்தது. சவூதி அரேபியாவில் பெண்களுக்கான அரசுப் பள்ளிகள் 1960இல்தான் தோன்றின. அக்காலத்தையொட்டி ஸமீரா கஷோகி தம் முதல் நாவலை வெளியிட்டபோது, அதன்மேல் இருந்தது ‘தீபகற்பத்தின் மகள்’ என்ற பெயர். ஐக்கிய அமீரகத்தில் 1980களில் புதிய சிறுகதையை வளர்த்த பெண்களுள் முக்கியமானவரான ஸல்மா மதர் ஸைஃபின் பெயரும் இயற்பெயரன்று.

1995இல் அமீரகத்துக்கு இணையம் வந்தது. முகமறியாமல் எழுதும் வழக்கத்தை இந்த யந்திரமே தோற்றுவித்தது என்பாருண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய மறைவிடத்துக்கு அது புதிய கதவொன்றை வைத்தது, அவ்வளவே. பல் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த ரஜா அல் ஸானி 2005இல் பெய்ரூட்டில் வெளியிட்ட ‘ரியாத்தின் பெண்கள்’ நாவலில், பெயர் சொல்லாத ஒருத்தி வெள்ளிக்கிழமைதோறும் மின்னஞ்சல் வழியே தன் தோழியரின் கதைகளை ஊருக்கெல்லாம் அனுப்புகிறாள். கதைசொல்லி பெயரை மறைத்தாள். ஆசிரியையோ தம் உண்மைப் பெயரை அட்டையில் இட்டு, அதற்குரிய வசைகளையும் பெற்றுக்கொண்டார்.

இன்னும் விசித்திரமானது ஹிஸ்ஸா ஹிலாலின் செய்தி. ரீமியா என்ற பெயரில் முன்னர் எழுதிவந்த இந்தச் சவூதிப் பெண்மணி, 2010இல் அபுதாபித் தொலைக்காட்சியின் ‘மில்லியன் கவிஞர்’ போட்டியில், கண்கள் தவிர மற்றெல்லாம் மறைத்த கருநிற அங்கியோடு மேடையேறி, கடுமையான மார்க்கத் தீர்ப்புகளாகிய ஃபத்வாக்களைக் கண்டித்துப் பாடினார். கொலைமிரட்டல்கள் வந்தன, மூன்றாம் பரிசாக முப்பது லட்சம் திர்ஹமும் வந்தது. முகம் மூடியிருந்தது, பெயர் திறந்திருந்தது; பத்திரிகைக் காலத்துப் பெண்கள் மறைத்ததை இவர் வெளிப்படுத்தினார்.

இன்று ஆயிஷா ஸுல்தான் போன்ற அமீரக எழுத்தாளர்கள் நாளிதழ்ப் பத்திகளைத் தம் சொந்தப் பெயரிலேயே எழுதுகிறார்கள். அதே நகரங்களில் குடியிருக்கும் சபுராளிகளின், அதாவது பிழைப்புக்காகக் கடல்கடந்து வந்த தமிழ் முஸ்லிம்களின், இல்லத்தரசிகளுள் இணையத்தில் எழுதும் சிலரோ, இன்னாருடைய அம்மா என்றே கையொப்பமிடுகிறார்கள். அரபுப் பெண்களை மூத்த மகனின் பெயரோடு சேர்த்து, தாய் என்று பொருள்படும் உம்மு என்றழைக்கும் வழக்கத்தை நினைத்தால், இது அங்கே அந்நியமாகத் தோன்றாது.

தமிழ் முஸ்லிம் பெண்களின் எழுத்து மறைவிலிருந்துதான் தொடங்கியது என்றும் சொல்வதற்கில்லை. மூன்றாம் வகுப்பே படித்த நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார், உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை நல்கினார். அறுபதாண்டுக்குப் பின், துவரங்குறிச்சியில் ஒரு பெண் புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் எழுதியவற்றை, தாயார் வெளியே கொண்டுசேர்த்ததும், அவை சல்மா என்ற பெயரில் அச்சேறியதும் பலர் அறிந்த செய்தி. 2025இல் அவர் மாநிலங்களவை வேட்பாளரானபோது, அவருடைய கட்சியின் அறிவிப்பில் ரொக்கையா மாலிக் என்ற பெயரோடு கவிஞர் சல்மா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது.