சில்லும் வில்லையும்

கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டச்சில்லுகள் பெருமளவில் கிடைத்தன. அனைத்தும் விளையாட்டுக்குரியவை எனத் துணிதற்கில்லை. எனினும் நொண்டி ஆடியவர்க்கு அவ்வடிவம் புதிதன்று.

1809இல் பெங்களூரில் ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்தபின் அல்சூர், இன்றைய சிவாஜிநகர் ஆகிய பகுதிகளில் தமிழர் பெருகினர். நம் நொண்டி கன்னடத்தில் 'குண்ட்டேபில்லே'. குண்ட்டு என்பது நொண்டுதல். பில்லே நம் வில்லையேதான். கிட்டிப்புள் அங்கே 'சின்னிதாண்டு'. தேவநேயப் பாவாணரின் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' (1954) போன்ற தொகுப்பு இவ்விருமொழித் தெருக்களுக்கும் வேண்டும். அத்தெருக்களில் இப்போது வண்டிகள் நிற்கின்றன.

ஆய்வு மாணவர்கள் அல்சூர்ப் பாட்டியரைப் பேரக்குழந்தைகளுக்குக் கட்டம் வரைந்து காட்டச் சொல்லலாம். கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்றா, மறுவாய்ப்பு உண்டா, அதை எம்மொழியில் கூவினர் என்பதையும் கேட்டெழுதுக.