அரை மணி நேரம்

சில வருஷங்களுக்கு முன் ஓர் இரவு மதுரையிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நடுநிசி தாண்டி ஒரு டீக்கடை வாசலில் வண்டி நின்றது. டிரைவர் இறங்கிப்போய்த் தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார், டீ குடித்தார், பிறகு பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

"பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க சார், கண்ணு எரியுது" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. பிச்சை கேட்பது போல் இருந்தது அந்தக் குரல்.

அவர் கேட்டது பிச்சையல்ல, பாத்தியதை என்பது பிறகு சட்டப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

1930-ல் இங்கிலாந்தில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பஸ்ஸோ லாரியோ ஓட்டுகிறவர் ஒரே மூச்சில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. 24 மணி நேரத்தில் மொத்தம் 11 மணிக்கு மேல் கூடாது. சேர்ந்தாற்போல் 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றது அது. சட்டம் எழுதியவர்கள் உலகம் தெரிந்தவர்கள். "நடுவில்தான் வண்டி நின்றதே!" என்று முதலாளி சொல்லித் தப்பிக்கலாம் அல்லவா? அதற்கு இடம் வைக்கவில்லை. அரை மணிக்குக் குறையாத இடைவெளி வேண்டும். அதில் டிரைவர் இளைப்பாறவும் ஏதாவது சாப்பிடவும் வழி இருக்க வேண்டும். அப்போதுதான் அது ஓய்வு. வண்டியையும் சரக்கையும் ஒட்டிச் செய்த மற்ற வேலைகளின் நேரமும் ஓட்டிய நேரமாகவே கணக்கு.

இத்தனை கரிசனமும் யார் மேல்? ஷரத்தின் தொடக்கத்திலேயே பதில் இருக்கிறது. களைத்துப்போன டிரைவரால் பொதுஜனங்களுக்கு வரும் ஆபத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடாம்! எஞ்சினுக்கு எண்ணெய் விடுவது போல டிரைவருக்குத் தூக்கம். அந்த அரை மணி அவருடையதல்ல, பின்னால் உட்கார்ந்திருப்பவருடையது.

1939-ல் நம் நாட்டுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ஐந்து மணி ஓட்டினால் அரை மணி ஓய்வு. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 54 மணி. சுதந்திரத்துக்குப் பிறகு, 1961-ல், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. பொதுவாக நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அது குறைத்தது. ஐந்து மணிக்கு அரை மணி என்ற கணக்கு மட்டும் அப்படியே நின்றது. ஆனால் இந்தச் சட்டம் தன் நோக்கமாகச் சொன்னது தொழிலாளரின் நலனை. அரை மணி மாறவில்லை. அதற்குச் சொந்தக்காரர் மாறினார். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு குறை இருந்தது. ஐந்து தொழிலாளர்களாவது உள்ள ஸ்தாபனத்துக்குத்தான் 1961 சட்டம் தானாகச் செல்லும். ஒரே லாரியை வைத்துக்கொண்டு கடன் தவணைக்காக இராப்பகலாக ஓட்டியவரை அது எப்படி எட்டும்?

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. மணியை எண்ணுவது யார்? எழுதுகிற ஏட்டில் எதையும் எழுதலாம். ஐரோப்பாவில் இதற்கு ஒரு யந்திரம் கண்டார்கள். 1969-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஓட்டும் நேரத்துக்கு விதி செய்தது; 1970-ல் டாக்கோகிராஃப் என்ற கருவியை வண்டியில் பொருத்த விதித்தது. மெழுகு பூசிய வட்டக் காகிதம் ஒன்று 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். வண்டி ஓடியதையும் நின்றதையும் ஒரு முள் அதில் கீறிக்கொண்டே போகும்.

1973-ல் அந்தச் சமூகத்தில் சேர்ந்த பிரிட்டனில் டிரைவர்களே இதை எதிர்த்தார்கள். 'வண்டிக்குள் ஒற்றன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அரசாங்கமும் காலம் கடத்தியது. 1979-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்த பிறகுதான் வழிக்கு வந்தது. ஓய்வுக்குச் சட்டம் செய்த நாட்டிலேயே ஓய்வைக் காக்கும் கருவிக்கு விரோதமா என்று சிரிக்கத் தோன்றும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுவதும் தன்னை உளவு பார்க்கும் முள்ளை யார்தான் விரும்புவார்கள்? ஆனால் "இன்னும் ஒரு நடை போய்விட்டு வா" என்ற முதலாளிக்கு எதிராகவும் அந்த முள் சாட்சி சொல்லும். இன்று அங்கே நாலரை மணி ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு. காகிதம் போய் மின்னணுக் கருவி வந்துவிட்டது.

எங்கள் டிரைவருக்கு அன்று சாட்சி சொல்ல முள் ஏதும் இல்லை. வண்டி நிறையப் பிரயாணிகள் இருந்தோம். "நன்றாக அரை மணி தூங்குங்கள் ஐயா, காத்திருக்கிறோம்" என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷம் ஆவதற்குள் கண்டக்டர் அவரை எழுப்பிவிட்டார்.

வண்டி புறப்பட்டது. சென்னை வரும்வரை நான் நன்றாகத் தூங்கினேன்.