புதுசு வரவர நல்லதா? கேமுக்குள் வந்த பக்தாத்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

வகுப்பில் பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் இது. “சேர், ஒரு கேம் பார்ட் பார்ட்டா வந்தா, புதுசு வரவர நல்லாத்தானே ஈக்கும்?” ஒரு கூட்டம் ஆம் என்றது. இன்னொரு கூட்டம் பழசுக்காக வாதாடியது. அவர்கள் கதைத்தது அஸாசின்ஸ் கிரீட் என்ற தொடரைப் பற்றி. வாப்பாமார் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டுப் போனில் அதன் வீடியோக்கள் ஓடியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சரித்திரம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி அக்கறை. 2007இல் வந்த முதல் பாகம் ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்து டமஸ்கஸ், அக்கா, ஜெரூசலம் நகரங்களில் நடக்கிறது. 2023இல் வந்த பாகம் அப்பாஸியர் காலத்துப் பக்தாதில். பிரான்ஸ் நாட்டு யூபிசொப்ட் கம்பனி 16 வருட இடைவெளியில் நமது பழைய நகரங்களை இரண்டு தடவை கட்டிக் காட்டியிருக்கிறது. முன்னேற்றம் உண்டா இல்லையா என்று நிறுத்துப் பார்க்க இது நல்ல தராசு.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ரோல் பிளேயிங் கேம் என்பது ஒரு பாத்திரத்தை ஏற்று விளையாடுவது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற கடதாசி, பென்சில், தாயக்கட்டை விளையாட்டில் இந்த வகை தொடங்கியது. பாத்திரம் அனுபவம் சேர்க்கும், படிப்படியாகப் பலம் கூடும், நல்ல வாள், நல்ல கவசம் கிடைக்கும். கம்ப்யூட்டர் வந்ததும் கணக்குப் பார்க்கும் வேலையை அது எடுத்துக்கொண்டது. அஸாசின்ஸ் கிரீட் தொடங்கும்போது இந்த வகையில்லை. பத்து வருடம் கழித்துத்தான் இந்தப் பக்கம் வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதல் பாகம் பிறந்த கதையே நமது பிள்ளைகளின் கேள்விக்கு ஒரு பதில்தான். பிரின்ஸ் ஒஃப் பேர்ஷியா என்று 1989இல் தொடங்கிய ஒரு பழைய தொடர் இருந்தது. அதற்கு அடுத்த பாகம் செய்யத்தான் மொன்றியலில் இருந்த குழு உட்கார்ந்தது. செய்யச் செய்ய இளவரசர் கதையை விட்டு விலகி, அது வேறொரு கேமாகவே ஆகிவிட்டது.

அதன் கதாநாயகன் அல்தாயிர். ஷீஆக்களில் ஒரு பிரிவான நிஸாரி இஸ்மாயிலிகளை வைத்துப் புனைந்த ஒரு இரகசியக் கூட்டத்தைச் சேர்ந்தவன். உண்மையான நிஸாரிகளின் சரித்திரம் 1090இல் ஹஸன் இப்னு ஸப்பாஹ் ஈரானின் அலமூத் கோட்டையைப் பிடித்ததோடு சூடுபிடிக்கிறது. 1256இல் மொங்கோலியர் அதைப் பிடித்ததோடு அந்த ஆட்சி முடிகிறது. நிஸாமிய்யா மத்ரஸாக்களை நிறுவிய வசீர் நிஸாமுல் முல்க் 1092இல் கொல்லப்பட்டதும் இவர்கள் கையாலேயே என்று பெரும்பாலான வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. ஆனால் போதைப்பொருள் கொடுத்து, பொய்ச் சுவர்க்கம் காட்டிக் கொலைக்கு அனுப்பினார்கள் என்ற கதை வேறு வகை. அது எதிரிகளும் ஐரோப்பியப் பயணிகளும் ஊதிப் பெருக்கியது. பர்ஹாத் தப்தரி என்ற ஆய்வாளர் 1994இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி அதை அவிழ்த்துக் காட்டினார். கேம் செய்தவர்களுக்கு உந்துதல் தந்தது ஆய்வு நூலல்ல, 1938இல் ஸ்லோவேனிய எழுத்தாளர் விளாடிமிர் பார்தோல் எழுதிய 'அலமூத்' நாவல்.

நியாயமாகச் சொன்னால், 2007இல் அது துணிச்சலான காரியம். 2001க்குப் பின்னர் வந்த கேம்களில் அறபு முகம் என்றால் சுடப்பட வேண்டிய முகம். இங்கே விளையாடுபவனே ஒரு சிரிய நாட்டவன், சிலுவை யுத்தக்காரர்களின் டெம்ப்ளர் தலைவன் றொபர்ட் த சாப்ளே வில்லன். அவன் உண்மையான ஆள், உண்மையிலேயே 1191இல் அந்தப் பதவிக்கு வந்தவன். தொடங்கும்போதே பல மதத்தினர் சேர்ந்து செய்த படைப்பு இது என்று ஒரு அறிவிப்பும் வரும். அதெல்லாம் சரி. அல்தாயிர் மட்டும் சுத்த அமெரிக்க உச்சரிப்பில் கதைப்பான். டமஸ்கஸில் பிறந்து நியூயோர்க்கில் படித்தவன் போல.

எனக்கு அதில் உறுத்துவது வேறொன்று. டமஸ்கஸில் அவன் கொல்ல வேண்டியவர்களில் ஒருவர் ஜுபைர் என்ற அறிஞர். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? கிதாபுகளைக் குவித்து எரிக்கிறார். 12ஆம் நூற்றாண்டின் டமஸ்கஸ், நூருத்தீன் ஸங்கி மருத்துவமனையும் ஹதீஸ் கற்பிக்கத் தனியான தாருல் ஹதீஸும் கட்டிய நகரம். அந்த நகரத்து ஆலிமுக்கு இவர்கள் கொடுத்த வேலை புத்தகம் எரிப்பது! கட்டடங்களை உழைத்துச் செய்திருக்கிறார்கள், உமையாப் பள்ளிவாசலைப் பார்த்தால் மனம் நிறையும். ஆனால் தெருவில் நிற்கிற சனம் கல்லும் மரமும் போலத்தான். தள்ளிவிட்டு ஓடுவதற்கு இருக்கிற சனம்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தன. எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. 2011இன் ரெவலேஷன்ஸ் மட்டும் நமக்கு முக்கியம். 1511ஆம் ஆண்டு இஸ்தான்பூல். பிற்காலத்தில் சுல்தான் சுலைமானாக வரப்போகிற இளவரசரும், உலக வரைபடம் வரைந்த பீரி ரெய்ஸும் அதில் கதைப்பார்கள், யோசிப்பார்கள், தப்பாமல் மனிதர்களாக இருப்பார்கள். 2014இல் யுனிட்டி வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ், அதுவரை வந்ததில் மிக அழகான படம். வெளியான நாட்களில் சில பாத்திரங்களுக்கு முகத் தோலே இல்லாமல், கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதந்தன! கம்பனி மன்னிப்புக் கேட்டது. பின்னர் 2016இல் பிரதான பாகம் ஒன்றும் வெளியிடாமல் மூச்சு வாங்கினார்கள்.

2017இல் ஒரிஜின்ஸ். இங்கேதான் தொடர் முழு ரோல் பிளேயிங் கேமாக மாறியது. கிளியோபாட்ராவின் எகிப்து. மட்டம், மட்டமாகப் பலம் கூடும், வாளுக்கும் வில்லுக்கும் தரம் உண்டு. அடுத்த வருடம் கிரேக்கத்தை வைத்து ஒடிசி, 2020இல் வைக்கிங்குகளை வைத்து வல்ஹல்லா. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிது. வல்ஹல்லாவின் பிரதான கதையை மட்டும் முடிக்க 50, 60 மணித்தியாலம் வேண்டும். ஒரு தவணையில் எனக்குக் கிடைக்கும் சரித்திரப் பாடவேளைகளைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. ஆனால் அந்த மணித்தியாலங்களில் பெரும்பகுதி மலை ஏறுவதிலும் பெட்டி திறப்பதிலும் போகிறது. பெரிதானதைச் சிறந்தது என்று பிள்ளைகள் நினைப்பது இங்கேதான்.

ஒரிஜின்ஸில் ஒரு நல்ல காரியம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018இல் சண்டையே இல்லாத ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அலெக்சாந்திரியாவில் நூதனசாலையில் நடப்பது போல நடந்து பார்க்கலாம். பாடசாலைகளை நினைத்துச் செய்தது என்பதால் நிர்வாணச் சிலைகளுக்கெல்லாம் சிப்பி வைத்து மறைத்திருந்தார்கள். நமது பாடசாலைக்கு அது வந்திருந்தால் அந்தச் சிப்பிகளுக்கு முதல் நன்றி என்னிடமிருந்து போயிருக்கும்.

இனி பக்தாத். 2023 ஒக்டோபரில் வந்த பாகத்தின் பெயர் மிராஜ். இது வல்ஹல்லாவுக்கு ஒரு இணைப்பாகச் செய்யத் தொடங்கித் தனிக் கேமாக ஆனது. விலையும் குறைவு, 15, 20 மணித்தியாலத்தில் முடியும். ரோல் பிளேயிங் சாமான்களில் பெரும்பாலானவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, 2007இன் பாணிக்கே திரும்பிப் போனார்கள். அதாவது, புதிய பாகம் நல்லதாக வருவதற்குப் பழைய பாகத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் எடுத்தவர்களுக்கு இது தெரியும். கலீபா மன்சூர் 762இல் தொடங்கிய வட்ட நகரத்தின் ஒரு செங்கல்கூட இன்று பார்ப்பதற்கு இல்லை. கூபா, பஸ்ரா, குராஸான், ஷாம் என்று நான்கு வாசல்கள், நடுவில் பச்சைக் குப்பா. எல்லாம் எழுத்தில்தான் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் யஃகூபி எழுதி வைத்தார், 11ஆம் நூற்றாண்டில் கதீப் அல்பக்தாதி தனது பெரிய நூலின் தொடக்கத்தில் நகரத்தின் அமைப்பை விவரித்தார். அந்த எழுத்துகளையும் ஆய்வாளர்களையும் வைத்துத்தான் அதை மீண்டும் எழுப்ப முடிந்தது. பாரிஸிலுள்ள அறபுலக நிறுவனமும் இஸ்லாமியக் கலைச் சேகரிப்பாளர்களும் பொருட்களின் படங்களைக் கொடுத்தார்கள். கேமுக்குள்ளேயே பக்தாதின் சரித்திரத்தை வாசிக்க ஒரு சிறு கலைக்களஞ்சியம் இருக்கிறது. முழுவதையும் அறபு மொழியிலேயே விளையாடலாம். அமெரிக்க உச்சரிப்பிலிருந்து எவ்வளவு தூரம்!

பைத்துல் ஹிக்மாவும் இருக்கிறது. 'கிதாபுல் ஹியல்' என்ற இயந்திரங்களின் நூலை எழுதிய பனூ மூஸா சகோதரர்களும் வருகிறார்கள். இங்கும் ஒரு கொடிய அறிஞன் வில்லனாக உண்டு. ஆனால் அவனைச் சுற்றிப் படிக்கிற, எழுதுகிற, கருவி செய்கிற மனிதர்கள் இருப்பதால் அவன் ஒரு கெட்ட மனிதனாகத் தெரிகிறான், ஒரு சமூகத்தின் முகமாகத் தெரிவதில்லை. 2007இன் ஜுபைருக்கு அந்த அயல் கிடைக்கவில்லை. என் பார்வையில் முன்னேற்றம் என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

இன்னொன்று. பஸ்ராவின் உவர் நிலங்களில் வேலை வாங்கப்பட்ட கிழக்காபிரிக்க அடிமைகள் 869இல் கிளர்ந்தெழுந்து 883 வரை அப்பாஸிய ஆட்சியை ஆட்டி வைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய அலி இப்னு முஹம்மதும் இதில் ஒரு பாத்திரம். வகுப்பில் 'பொற்காலம்' என்று சொல்லிக்கொண்டே நாங்கள் அவசரமாகப் புரட்டும் பக்கம் அது. கேம் புரட்டவில்லை.

பிழைகளும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. கலீபா முதவக்கில் 861 டிசம்பரில் ஸாமர்ராவில் தன் துருக்கிக் காவலர்களாலேயே கொல்லப்பட்டார், மகன் முன்தஸிருக்கும் அதில் பங்கு என்று சொல்லப்படுகிறது. கேமில் அந்தக் கொலை வேறு இடத்தில், வேறு கையால், கதாநாயகனுக்கு வசதியாக நடக்கிறது. பைத்துல் ஹிக்மாவும் கேமில் காட்டுவதுபோல ஒரு பெரிய பல்கலைக்கழகமாக இருந்ததா என்பது சந்தேகம். டிமிட்ரி குட்டாஸ் போன்றவர்கள் அதை அரண்மனை நூலகம் என்றே பார்க்கிறார்கள். நமது மேடைப் பேச்சாளர்களும் இதைக் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

ஒரு சின்ன விலகல். அதே முதவக்கிலின் முன்னிலையில்தான் அக்காலத்துச் சதுரங்க மன்னர் அல்அத்லியை அர்ராஸி என்பவர் தோற்கடித்தார். அவர்கள் ஆடிய ஷத்ரன்ஜில் அரசனுக்குப் பக்கத்தில் நின்றது பிர்ஸான், அதாவது வசீர். குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் நகரலாம். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அதை ராணியாக்கிப் பலகை முழுக்க ஓடவிட்டார்கள். புதிய பாகம் என்றால் அதுதான் புதிய பாகம். ஒரு விதியை மாற்றி ஆட்டத்தையே மாற்றியது. யூபிசொப்ட் 2025இல் ஜப்பானை வைத்து வெளியிட்ட ஷடோஸ் மறுபடியும் பெரிய வரைபடம், நீண்ட கதை, ரோல் பிளேயிங் என்று திரும்பிவிட்டது. ஆக, பிள்ளைகளே, படம் மட்டும்தான் வருடா வருடம் நேராக முன்னேறியது. மற்றதெல்லாம் போய் வந்துகொண்டிருக்கிறது.

“இதெல்லாம் விளையாட்டுத்தானே சேர், ஏன் இவ்வளவு?” என்று கேட்பவர்களுக்கு: இந்தத் தொடர் உலகம் முழுக்க 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. முஸ்லிம் அயலவர் ஒருவர்கூட இல்லாத பிள்ளைக்கு நம்மைப் பற்றிய முதல் படம் இதிலிருந்து கிடைக்கலாம். ஒரு திரையில் ஓடும் படம் ஊருக்கு என்ன செய்யும் என்று தெல்தெனிய, திகன மக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018 மார்ச்சில் அரசாங்கம் இதே பேஸ்புக்கை நிறுத்தி வைத்த நாட்கள் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். புத்தகம் எரிப்பவராகக் காட்டுகிறார்களா, புத்தகம் எழுதுபவராகக் காட்டுகிறார்களா என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. பெற்றோருக்கு ஒன்று: இவை எல்லாம் கத்தியும் இரத்தமும் உள்ளவை, வயது வந்தவர்களுக்கு என்று தரப்படுத்தப்பட்டவை. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

பக்தாத் அழிந்தும் திரும்பி வந்தது, எழுதி வைத்தவர்கள் இருந்தபடியால். நமது பழைய தெல்தெனிய டவுன் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய் 40 வருடத்துக்கு மேலாகிறது. அணையை 1985இல் திறந்தார்கள். இப்போது நாம் பஸ் ஏறும் டவுன் இரண்டாவது பாகம். அது முதலாவதைவிட நல்லதா என்று வயதானவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வரட்சியில் நீர் இறங்கும்போது இடிபாடுகள் தலை காட்டும், நாங்கள் போட்டோ எடுத்துப் போடுவோம், மழை வந்ததும் மறந்துவிடுவோம். நமக்கு ஒரு யஃகூபி இல்லை.

10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்கு இந்த விடுமுறைக்கு அந்தப் பழைய டவுனின் வரைபடத்தைத்தான் வேலையாகக் கொடுத்திருக்கிறேன். 50 வயதைத் தாண்டியவர்களைத் தேடி வருவார்கள். கடை வரிசை எந்தப் பக்கம், பஸ் எங்கே நின்றது, எந்த முடுக்கால் ஆற்றுக்கு இறங்கினீர்கள் என்று கேட்பார்கள். “கிட்டத்தான்” என்று சொல்லி அனுப்பாமல், எத்தனை எட்டு இருக்கும் என்று சொல்லுங்கள். கல்யாண அல்பங்கள் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். மாப்பிள்ளையை விட அவருக்குப் பின்னால் தெரியும் கடையின் பெயர்ப்பலகைதான் எங்களுக்கு வேண்டும்.