காணா ஒளியும் காட்டும் கண்ணாடியும்



செங்கற்பட்டு ஏரிகள் மலிந்த நாடு. அந்நாட்டின் கீழ்க்கரையாகிய மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலை நீங்கள் கைப்பேசியால் படம் பிடிக்கிறீர்கள். சவுக்கு மரங்கள் பசுமையாகவே பதிகின்றன. அதற்குத் துணைநிற்பது, கருவியினுள் மறைந்திருக்கும் மெல்லிய கண்ணாடி ஒன்று. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானநூலறிஞர், சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, நிறந்தோறும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பிற்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தோன்றாத இடத்தில், வெப்பம் மிகுந்திருந்தது. அகச்சிவப்புக் கதிர் இவ்வாறு வெளிப்பட்டது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர், சிலிக்கனைக் கொண்டு ஒளியை மின்னாகப் பதியும் வழியைக் கண்டனர். நம் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டரோடு நின்றுவிடும். சிலிக்கனோ 1,100 நானோமீட்டர் வரை உணரும். பச்சை இலைகள் அகச்சிவப்பை மிகுதியாகத் திருப்பி அனுப்புவன. எனவே, அக்கதிரைத் தடுக்காவிடின் இலைகள் வெளிறும். கறுப்புத் துணியும் செந்நீலமாகத் தோன்றும். செம்பு கலந்த நீலப்பசுங் கண்ணாடி அதனை உறிஞ்சிவிடும். கண்ணாடிமேல் அடுக்கடுக்காகப் பூசிய படலங்கள் அதனைத் திருப்பிவிடும். தடுப்பு முழுமையானதன்று. தொலைக்காட்சியின் தொலையியக்கியைக் கைப்பேசிக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். பல கைப்பேசிகளில் மங்கிய ஊதா ஒளி தெரியும்.

அவ்வாறாயின், தள்ளப்பட்ட ஒளி வீணோ? அன்று. 1970ஆம் ஆண்டையொட்டிப் பேராசிரியர் பிஷாரட்டி, கேரளத் தென்னைகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவு செய்வித்து, வாடல் நோயுற்ற மரங்களை இனங்காண வழிசெய்தார். 1988 மார்ச் 17இல் விண்ணேறிய ஐ.ஆர்.எஸ். 1ஏ என்னும் நம் செயற்கைக்கோளின் கண்ணும் சிலிக்கனே. ஆனால் அதன் நான்கு ஒளிப்பட்டைகளுள் ஒன்று அகச்சிவப்பு. நீர் அக்கதிரை உறிஞ்சுவதால், அத்தகைய படத்தில் ஏரி கறுத்தும், பயிர் ஒளிர்ந்தும் தோன்றும். மதுராந்தகம் போன்றதோர் ஏரி எவ்வளவு பரந்திருந்தது, எவ்வளவு சுருங்கியது என்பதை ஆண்டுதோறும் ஒப்பிட்டு அளக்கலாம்.

இவ்வளவு வீண்வேலை அன்று. 2015ஆம் ஆண்டின் இறுதியில் தாம்பரம், முடிச்சூர்ப் பகுதிகளில் வெள்ளம் வீடுகளுள் புகுந்ததை நாம் கண்டோம். நீருக்குரிய இடத்தை மனிதன் மறக்கலாம், நீர் மறப்பதில்லை.

கோயிலின் நிறம் வேண்டுமாயின், அகச்சிவப்பைத் தடுக்கிறோம். ஏரியின் எல்லை வேண்டுமாயின், அதனையே வரவேற்கிறோம். எதைத் தள்ளுவது, எதைக் கொள்ளுவது என்பதை நாம் கேட்கும் வினாவே முடிவு செய்கிறது. ஆகவே, வினாவை முதலிற் செம்மையாகக் கேட்கப் பழகுங்கள்.