நியூயோர்க் மாநிலத்தின் கைத்தொழில் நச்சு மாசு: மாவட்டப் பதிவேடுகள் கூறுவனவும் கூறாதனவும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கிலுள்ள நியூயோர்க் மாநிலம் 62 மாவட்டங்களைக் கொண்டது. ஆங்கிலத்திற் 'கவுன்ரி' எனப்படும் இம்மாவட்டங்களிலுள்ள தொழிற்சாலைகள் காற்றிலும் நீரிலும் நிலத்திலும் வெளியேற்றும் நச்சு இரசாயனப் பொருள்களின் அளவு, 1987ஆம் ஆண்டு தொடக்கம் மத்திய அரசின் பதிவேடொன்றிலே ஆண்டுதோறும் தொகுக்கப்பட்டு வருகின்றது. எந்த மாவட்டத்தில் எந்தத் தொழிற்சாலை எப்பொருளை எத்தனை இறாத்தல் வெளியேற்றியது என்பதை எவரும் அதிற் கண்டுகொள்ளலாம். இப்பதிவேட்டின் தொடக்க ஆண்டுகளையும் அண்மைய ஆண்டுகளையும் ஒப்பிடுவோர்க்கு மாசின் அளவு பெரிதும் வீழ்ச்சியடைந்திருப்பது புலனாகும்.

இவ்வீழ்ச்சி உண்மையானதே. ஆயினும், அதனைக் கொண்டு மாவட்டங்கள் தூய்மையடைந்துவிட்டன என முடிவுகட்டுதல் பொருந்துமா என்பது வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய வினாவாகும். அம்மாநிலத்தின் மிகப்பெரிய நச்சு மாசுகள் மூன்றும் பெரும்பாலும் பதிவேடு தோன்றுமுன்னரே நிகழ்ந்து முடிந்தவை. பதிவேட்டின் வரலாறும் மாசின் வரலாறும் ஒன்றல்ல என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒனொன்டாகா மாவட்டம்

கைத்தொழில்கள் எழுந்த இடங்களை இயற்கை வளங்களே தீர்மானித்தன. சிரக்கியூஸ் நகர் அமைந்துள்ள ஒனொன்டாகா மாவட்டம் உப்பு ஊற்றுகளுக்குப் பெயர்பெற்றது. 1825இல் நிறைவெய்திய ஈரி கால்வாய் அவ்வுப்பினைத் தொலைவிடங்களுக்குக் கொண்டுசெல்ல வழிசமைத்தது. உவர்நீரும் சுண்ணாம்புக்கல்லும் அருகருகே கிடைத்தமையால், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஏர்னெஸ்ட் சொல்வே கண்ட முறைப்படி சோடியங் காபனேற்றைத் தயாரிக்கும் கம்பனியொன்று 1881இல் இங்கு நிறுவப்பட்டது. 1884இல் உற்பத்தி தொடங்கிற்று. கண்ணாடி, சவர்க்காரம், கடதாசி ஆகிய தொழில்களுக்கு இன்றியமையாத இப்பொருளை உற்பத்திசெய்கையிற் பெருந்தொகையான கல்சியங் குளோரைட்டு கழிவாக எஞ்சும். அக்கழிவு ஒனொன்டாகா ஏரியின் கரையில் மேடுமேடாகக் குவிக்கப்பட்டது.

பின்னர் இதே தொழிலகத்தார் உவர்நீரை மின்பகுத்துக் குளோரீனும் எரிசோடாவும் தயாரிக்கலாயினர். இம்முறையில் இரசம் பயன்படுத்தப்பட்டது. 1946 முதல் 1970 வரையில் ஏறத்தாழ 1,65,000 இறாத்தல் இரசம் ஏரியிற் கலந்ததாகக் கணிக்கப்பட்டுள்ளது. ஏரியில் நீராடுவது 1940இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. 1970இல் மீன்பிடித்தலும் தடைசெய்யப்பட்டது. ஒனொன்டாகா ஆதிக்குடியினர்க்கு இந்த ஏரி புனிதமானது. தம் ஐந்து குலங்களும் இதன் கரையிலேதான் சமாதானத்தில் ஒன்றிணைந்தன என்பது அவர்தம் மரபு. ஏரியின் பயனையோ தொழிலகத்தின் இலாபத்தையோ பெறாத அம்மக்கள் அதன் அழிவிற்கு மாத்திரம் சாட்சிகளாயினர்.

சோடாத் தொழிற்சாலை 1986இல் மூடப்பட்டது. பதிவேட்டின் முதலாண்டு 1987 என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒரு நூற்றாண்டுக் காலம் அத்தொழிற்சாலை ஏரிக்கரையிற் குவித்த கழிவுக்கு மாவட்ட அட்டவணையில் ஒரு வரியும் இல்லை. ஏரியின் அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 22 இலட்சம் கன யார் அடையலை அகழ்ந்தெடுக்கும் பணி 2012இல் தொடங்கி 2014இல் முடிவுற்றது. பதிவேட்டிலே காணப்படாத கணக்கினை அந்த அடையலே வைத்திருந்தது எனலாம்.

நயாகரா மாவட்டம்

மேற்கெல்லையிலுள்ள நயாகரா மாவட்டத்தில் தொழில்களை ஈர்த்தது நீர்வீழ்ச்சியாகும். 1895இல் அங்கு பெருமளவிலான மின்வலு உற்பத்தி தொடங்கியதும், மலிவான மின்சாரத்தை நாடி மின்னிரசாயனத் தொழில்கள் குவிந்தன. அவற்றுள் ஹூக்கர் கம்பனி குறிப்பிடத்தக்கது. வில்லியம் லவ் என்பவர் 1890களில் வெட்டத் தொடங்கி இடைநடுவிற் கைவிட்ட கால்வாயொன்றில், 1942 முதல் 1953 வரை இக்கம்பனி ஏறத்தாழ 21,000 தொன் இரசாயனக் கழிவினைப் புதைத்தது. அவ்விடம் லவ் கால்வாய் என இன்றும் அறியப்படுகின்றது.

1953இல் இந்நிலம் நயாகரா போல்ஸ் நகரக் கல்விச் சபைக்கு ஒரு டொலருக்கு விற்கப்பட்டது. நிலத்தினுள் இரசாயனக் கழிவு உள்ளதென்றும், அதனால் விளையும் தீங்கிற்குக் கம்பனி பொறுப்பன்று என்றும் உறுதியில் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அங்கு பாடசாலை எழுந்தது. சூழவும் வீடுகள் எழுந்தன. உறுதியில் இருந்த செய்தி வீடு வாங்கியோரைச் சென்றடையவில்லை. 1970களின் நடுப்பகுதியிற் பெய்த கடும் மழையாலும் பனியாலும் நிலத்தடி நீர்மட்டம் உயரவே, வீடுகளின் நிலவறைகளிற் கழிவு கசியத் தொடங்கிற்று.

லோயிஸ் கிப்ஸ் என்னும் இல்லத்தரசியின் தலைமையில் குடியிருப்பாளர் ஒன்றுதிரண்டனர். 1978ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி மாநில சுகாதார ஆணையாளர் அவசரநிலையை அறிவித்து, கர்ப்பிணிகளும் இரண்டு வயதிற்குக் குறைந்த குழந்தைகளும் வெளியேறுமாறு பரிந்துரைத்தார். ஐந்து நாள்களின் பின் சனாதிபதி காட்டர் மத்திய அரசின் அவசரநிலையைப் பிரகடனஞ் செய்தார். முதலில் 239 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1980 மே மாதத்தில் வெளியான இரண்டாம் பிரகடனத்தின் பின் வெளியேறத் தகுதிபெற்ற குடும்பங்களின் மொத்தத் தொகை 900ஐக் கடந்தது. அவ்வாண்டு டிசெம்பரில், கைவிடப்பட்ட நச்சுக் கழிவிடங்களைத் துப்புரவு செய்தற்கான 'சூப்பர்பண்ட்' சட்டம் நிறைவேறிற்று.

ஹட்சன் ஆறும் மாவட்ட எல்லைகளும்

மூன்றாவது எடுத்துக்காட்டு மாவட்டம் என்னும் அலகையே ஐயத்துக்குரியதாக்குகின்றது. வாஷிங்டன் மாவட்டத்திலுள்ள போர்ட் எட்வேட், ஹட்சன் போல்ஸ் ஆகிய ஊர்களில் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனி மின்கொள்ளளவிகளைத் தயாரித்து வந்தது. எளிதில் தீப்பற்றாததும் மின்காப்புத் திறன் மிக்கதுமான பி.சி.பி. என்னும் குளோரீன் சேர்வை இவற்றில் இடப்பட்டது. 1947 முதல் 1977 வரை 13 இலட்சம் இறாத்தல் வரையிலான பி.சி.பி. ஹட்சன் ஆற்றிற் சேர்ந்திருக்கலாமென மதிப்பிடப்பட்டுள்ளது.

இச்சேர்வை நீரில் எளிதிற் கரைவதில்லை. அடையலோடு ஒட்டிக்கொண்டு, மீன்களின் கொழுப்பிற் சேர்கின்றது. போர்ட் எட்வேட்டில் இருந்த பழைய அணை 1973இல் அகற்றப்பட்டபோது, அதன் பின்னே தேங்கியிருந்த அடையல் கீழ்நோக்கிப் பெயர்ந்தது. 1976இல் ஆற்றின் மேற்பகுதியில் மீன்பிடித்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது; கீழ்ப்பகுதியில் வரிக்கொடுவா மீனை விற்பனைக்காகப் பிடிப்பதும் நிறுத்தப்பட்டது. ஹட்சன் போல்ஸ் முதல் நியூயோர்க் நகரின் தென்முனை வரை ஏறத்தாழ 200 மைல் நீளமான ஆற்றுப்பகுதி பின்னர் துப்புரவுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2009 முதல் 2015 வரை மேற்பகுதியிலிருந்து 27 இலட்சம் கன யாருக்கு மேற்பட்ட அடையல் அகற்றப்பட்டது.

பொருள் வெளியேறிய இடம் வாஷிங்டன் மாவட்டம். சுமையை ஏற்றதோ ஆற்றோரத்து மாவட்டங்கள் அனைத்தும். தொழிற்சாலையில் வேலைவாய்ப்புப் பெற்றோர் ஓரிடத்திலும், மீன்பிடித் தொழிலை இழந்தோர் வேறிடத்திலும் வாழ்ந்தனர். வெளியேற்றம் நிகழ்ந்த மாவட்டத்தையே பதிவுசெய்யும் அட்டவணை, மாசு சென்றடைந்த மாவட்டத்தைக் காட்டுவதில்லை.

பதிவேட்டின் தோற்றம்

பதிவேடு பிறப்பதற்கு உடனடிக் காரணமாயமைந்தது இந்தியாவில் நிகழ்ந்த பேரழிவாகும். 1984 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு போபாலிலுள்ள யூனியன் கார்பைட் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய மெதயில் ஐசோசயனேற்று வாயு பல்லாயிரம் மக்களின் உயிரையும் உடல்நலத்தையும் பறித்தது. அதே வாயுவைத் தயாரித்த அக்கம்பனியின் மற்றொரு தொழிற்சாலை மேற்கு வேர்ஜீனியாவில் இன்ஸ்டிடியூட் என்னும் ஊரில் இருந்தது. 1985 ஓகஸ்டில் அங்கும் நச்சுக் கசிவொன்று நிகழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் வைத்திய உதவியை நாடினர். தம் அயலில் எப்பொருள் உள்ளதென அறியும் உரிமை மக்களுக்கு உண்டென்ற கோரிக்கை இதனால் வலுப்பெற்றது. 1986 ஒக்டோபர் 17ஆம் திகதி, அவசரநிலைத் திட்டமிடலும் சமூகத்தின் அறியும் உரிமையும் பற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. நச்சுப் பொருள் வெளியேற்றப் பதிவேடு இச்சட்டத்தின் வழியே தோன்றியது. ஒரு நாட்டின் ஏழை மக்கள் அடைந்த அழிவு வேறொரு நாட்டின் மக்களுக்கு அறியும் உரிமையை ஈட்டிக்கொடுத்தது என்பது மறக்கற்பாலதன்று.

வீழ்ச்சியை வாசித்தல்

பதிவேட்டிற் காணும் வீழ்ச்சிக்கு மூன்று காரணங்களைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, உண்மையான சீர்திருத்தம். 1988ஆம் ஆண்டின் அளவை அடிப்படையாகக் கொண்டு 17 இரசாயனப் பொருள்களின் வெளியேற்றத்தை 1995இற்குள் பாதியாகக் குறைக்குமாறு மத்திய சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் கம்பனிகளை அழைத்தது. கட்டாயமற்ற இத்திட்டத்தின் இலக்கு ஓராண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. தம் பெயர் பத்திரிகைகளில் முதலிடத்தில் வெளிவருவதைக் கம்பனிகள் விரும்பவில்லை என்பது இதற்கொரு காரணமாகும்.

இரண்டாவது, தொழிற்சாலைகளின் மறைவு. மொன்றோ மாவட்டத்தின் றொச்செஸ்டர் நகரிலுள்ள கொடாக் கம்பனி, படச்சுருளுக்கான தாளைத் தயாரிப்பதில் இருகுளோரோமெதேனைக் கரைப்பானாகப் பயன்படுத்தியது. பதிவேட்டின் தொடக்க ஆண்டுகளில் மாநிலத்தின் மிகப்பெரிய வெளியேற்றக்காரருள் ஒன்றாக அது விளங்கிற்று. கம்பனி மேற்கொண்ட கட்டுப்பாடுகளால் ஒரு பகுதி குறைந்தது. மற்றொரு பகுதியோ, எண்முறைப் புகைப்படக்கருவி வந்து படச்சுருளின் சந்தை அழிந்தமையாற் குறைந்ததாகும். 1980களின் தொடக்கத்தில் அந்நகரில் ஏறத்தாழ 60,000 பேருக்கு வேலையளித்த கம்பனி, 2012 சனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. காற்றுத் தூய்மையடைந்ததும் தொழிலாளர் வேலையிழந்ததும் ஒரே கோட்டிலேதான் பதிவாகியுள்ளன. கோட்டினை மாத்திரம் நோக்குவோர் இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

மூன்றாவது, அளவுகோலின் மாற்றம். தொடக்கத்தில் உற்பத்தித் தொழிற்சாலைகள் மாத்திரமே அறிக்கையிட்டன. 1995ஆம் ஆண்டிற்கான அறிக்கைகளில் பொருள்களின் பட்டியல் ஏறத்தாழ இருமடங்காகியது. 1998இல் மின்னிலையங்கள் முதலியன சேர்ந்தன. 2000இல் இரசம், பி.சி.பி. போன்றவற்றுக்குரிய அறிக்கையிடல் எல்லை 10 இறாத்தலாகக் குறைக்கப்பட்டது. எதிர்த்திசையில், 2006இல் மத்திய அரசு கொணர்ந்த விதியொன்று பல தொழிற்சாலைகளை விரிவான அறிக்கையிலிருந்து விடுவித்தது. நியூயோர்க் உள்ளிட்ட மாநிலங்கள் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2009இல் காங்கிரஸ் பழைய விதியை மீட்டது. மேலும், அறிக்கைகள் பெரும்பாலும் தொழிற்சாலைகள் தாமே கணித்துத் தரும் மதிப்பீடுகளாகும். எனவே, எல்லா ஆண்டுகளிலும் ஒரே வகைத் தொழிற்சாலைகளையும் ஒரே பொருள்களையும் தெரிந்தெடுத்தாலன்றி ஆண்டுகளை ஒப்பிடுதல் முறையாகாது.

பட்டியலில் இல்லாத நஞ்சு

ரென்சலேர் மாவட்டத்தில், ஏறத்தாழ 3,500 மக்கள் வாழும் ஹூசிக் போல்ஸ் என்னும் சிற்றூர் இன்னொரு குறைபாட்டைப் புலப்படுத்துகின்றது. வெப்பந் தாங்கும் பூச்சுகளைத் தயாரிக்கும் தொழிலோடு தொடர்புடைய பெர்புளோரோஒக்டனோயிக் அமிலம் அவ்வூர்க் குடிநீரில் இருப்பது 2014இலே தெரியவந்தது. அதனைக் கண்டறிந்தது பதிவேடன்று. ஊரவர் ஒருவர் தம் வீட்டுக் குழாய்நீரைத் தாமே பரிசோதனைக்கு அனுப்பியமையால் உண்மை வெளிப்பட்டது. அந்நீரைப் பருகவேண்டாமென 2015இன் இறுதியில் மத்திய முகவரகம் எச்சரித்தது. இவ்வமிலம் உள்ளிட்ட 172 பொருள்கள் பதிவேட்டிற் சேர்ந்ததோ 2020ஆம் ஆண்டிற்கான அறிக்கைகளிலிருந்தேயாகும். அதுவரை இப்பொருளைப் பொறுத்தவரையில் அம்மாவட்டத்தின் அட்டவணை மௌனமாயிருந்தது. சட்டம் பெயர்சொல்லி அழைத்த பொருளை மாத்திரமே பதிவேடு எண்ணும். அழைக்காத பொருளும் நீரிற் கலந்தே தீரும்.

முடிவுரை

மாவட்டப் பதிவேடு பயனற்றதென்பது மேற்கூறியவற்றின் பொருளன்று. மக்கள் போராடிப் பெற்ற உரிமை அது. அதனைச் சுருக்க முனைந்தபோது மாநிலங்கள் வழக்காடிக் காத்தன. ஆயின் அது அவ்வவ்வாண்டின் வெளியேற்றத்தையே கூறுகின்றது. முன்னைய ஆண்டுகளிற் புதைந்ததை நிலவுறுதிகளும், ஆற்றில் இறங்கியதை அடையலும், தொழில் அழிந்ததைத் தொழிற்சாலைகள் மூடப்பட்ட திகதிகளும் கூறுகின்றன. இவற்றை ஒருங்கே வைத்து வாசிக்கும்போதே மாவட்டமொன்றின் மாசு வரலாறு முழுமைபெறும்.

இது ஆய்வுமுறை பற்றிய நுணுக்கம் மாத்திரமன்று. லவ் கால்வாயின் அருகே வீடு வாங்கிய குடும்பங்கள் அவ்வாண்டின் வெளியேற்ற அளவினை அறிந்திருந்தாலும் பயனடைந்திரா. அப்போது அங்கு எதுவும் கொட்டப்படவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது கடந்தகாலம் பற்றிய அறிவேயாகும். அறியும் உரிமை நிகழ்காலத்தோடு நின்றுவிடுமாயின், குறைந்து செல்லும் எண்களை நம்பி நஞ்சின்மீது மீண்டும் வீடு கட்டும் நிலையே ஏற்படும்.