கோடு யாருடைய வசதி?

1956 நவம்பர் 1இல் களியக்காவிளை சென்னை மாநிலத்தின் எல்லையூர் ஆனது. வரைபடத்தில் ஒரே கோடுதான். ஊர்ப் பேச்சிலோ தமிழும் மலையாளமும் இன்னும் கலந்துதான் கிடக்கு.

செல்சவ்வையும் இப்படித்தான் வரைந்தார்கள். 1935இல் டேனியல்லி, டேவ்சன் தந்த மாதிரியில் அது சீரான அடுக்கு. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் கொழுப்புத் திரவத்தில் புரதங்கள் மிதப்பதாகத் திருத்தினார்கள். 1928இல் கல்கத்தாவில் சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட ஒளிச்சிதறல், 2000க்குப் பின் வெள்ளி பூசிய ஊசிமுனையால் பலமடங்கு பெருக்கப்படுகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பை அது சில பத்து நானோமீட்டர் அளவில் தொட்டுத்தொட்டு வாசிக்கிறது: இங்கே புரதம், பக்கத்திலேயே சர்க்கரை.

செல்லிலிருந்து அரசியலை நேராக எடுத்துவிட முடியாதுதான். ஆனாலும் ஒன்று புரிகிறது: கோடு என்பது தூரத்தில் நின்று பார்ப்பவரின் வசதி. கிட்டே போனால் அங்கே சுவர் இல்லை, போக்குவரத்துதான். முழுக்க அடைத்தால் செல் செத்துப்போகும்.