வெள்ளிக் காலணி சிவப்பானது எப்படி? ஓஸ் நாவல்கள் திரைக்கு வந்த வரலாறு

எல். ஃப்ராங்க் பாம் எழுதிய ஓஸ் நாவல்கள் 14. முதலாவது 1900இல் டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோவின் ஓவியங்களோடு அமெரிக்காவில் வெளிவந்தது. கடைசி நாவல் பாம் இறந்த மறு ஆண்டு, 1920இல் வந்தது. இன்று ஓஸ் என்றதும் பலருக்கும் நினைவில் எழுவது 1939இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த படம். அந்தப் படம் நாவலிலிருந்து நேரே பிறந்ததன்று. இடையில் வந்த மேடை நாடகமும் மௌனப் படங்களும் அதனுள் படிந்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் மாற்றம் மேடையில் நிகழ்ந்தது. 1902இல் சிகாகோவில் அரங்கேறிய இசை நாடகத்தில் கதை நாயகியான சிறுமி டாரதியின் நாய்க்குட்டி டோட்டோ இல்லை. இமோஜீன் என்ற பசு இருந்தது. நாவலில், கசகசாச் செடிகளின் பூவாசத்தில் மயங்கிக் கிடக்கும், டாரதியின் தோழனான சிங்கத்தை ஆயிரக்கணக்கான வயல் எலிகள் வண்டியில் இழுத்து மீட்கின்றன. அத்தனை எலிகளுக்கு நாடகக்காரர்கள் எங்கே போவார்கள்? நல்ல சூனியக்காரி பனியை வரவழைத்துப் பூக்களின் வலிமையை முறிப்பதாக மாற்றிக்கொண்டார்கள். 37 ஆண்டுகள் கழித்து எம்.ஜி.எம். படத்திலும் அதே பனிதான் பெய்கிறது.

பாம் தாமே திரையை நாடியதுண்டு. 1908இல் வண்ணம் தீட்டிய படச்சுருள்கள், ஒளிப்பட வில்லைகள், இசைக்குழு ஆகியவற்றுடன் ஊர் ஊராகச் சென்று, மேடையில் நின்று கதை சொன்னார். மக்கள் வந்தார்கள், செலவு அதைவிட வேகமாக வந்தது. அந்தக் கடனும் சேர்ந்து 1911இல் அவரைத் திவாலாக்கியது. ஆனாலும் 1914இல் லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்தப் படக் கம்பெனி தொடங்கி, தொடரின் ஏழாவது நாவலான ஒட்டுத்துணிப் பெண்ணின் கதையைப் படமாக்கினார். கம்பெனி நெடுநாள் நிலைக்கவில்லை. பிற்கால நாவல்களுக்குத் திரையில் இடம் தேடியவர் அவரே என்பதை வரலாறு மறந்துவிடக் கூடாது. அவருக்குப் பின் ஹாலிவுட் பெரும்பாலும் முதல் நாவலையே சுற்றிச் சுற்றி வந்தது.

1925இல் லாரி செமன் எடுத்த மௌனப் படத்தில் பண்ணையாட்களே டாரதியின் மற்றத் தோழர்களான சோளக்கொல்லைப் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் வேடமிடுகிறார்கள். எம்.ஜி.எம். படத்திலும் டாரதி வாழும் கான்சாஸின் பண்ணையாட்கள் மூவரின் முகங்களே ஓஸில் திரும்ப வருகின்றன.

அந்த 1939 படம் பாமின் எழுத்துக்கு உண்மையாக நடந்த இடமும் உண்டு. நாவலின் தொடக்கத்தில் கான்சாஸின் புல்லும் வீடும் அத்தையின் முகமும் ஒரே சாம்பல் நிறம். படம் அதைப் பழுப்பு ஒற்றை நிறத்தில் காட்டி, ஓஸில் கதவு திறந்ததும் டெக்னிகலர் வண்ணங்களைக் கொட்டியது. அந்த வண்ணத்துக்காகவே திரைக்கதையாளர் நோயல் லாங்லி, நாவலில் டாரதி அணியும் வெள்ளிக் காலணிகளை மாணிக்கச் சிவப்பாக்கினார். இதை ஏற்கலாம். எல்லாம் கனவு என்று முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. பாமுக்கு ஓஸ் மெய்யான நாடு. 1910இல் வந்த ஆறாவது நாவலில் டாரதி தன் அத்தையையும் மாமாவையும் அங்கேயே குடியேற அழைத்துப் போகிறாள். கனவு என்ற ஒரு சொல் அந்த வழியை அடைத்துவிட்டது.

முதல் வெளியீட்டில் நட்டப்பட்ட அந்தப் படத்தை, 1956 முதல் தொலைக்காட்சிதான் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1985இல் வால்டர் மர்ச் இரண்டாம், மூன்றாம் நாவல்களை இணைத்து டிஸ்னிக்காகப் படமெடுத்தார். வசூலில் தோற்றாலும், பாமின் இருளையும் விந்தையையும் ஒருசேரப் பிடித்த படம் அதுவே. சிவப்புக் காலணிகள் நாவலில் இல்லாததால், அவற்றைக் காட்டுவதற்கு டிஸ்னி எம்.ஜி.எம். நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஓஸை வேறு கோணத்தில் சொன்ன கிரெகரி மக்வயரின் நாவல் இசை நாடகமாகி, 2024இல் 'விக்கெட்' என்ற படமாக வந்தது. அதில் காலணிகள் மீண்டும் வெள்ளி நிறம்.